மேக்ஃபைலில் பைப்: நடுவில் ஒரு நிரல் செத்துப்போனாலும் பில்ட் ஏன் நிற்கவில்லை?

சொல்தேடி · திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாகத் தூக்கம் போய்விட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓய்வு நேரத்தில் தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்றை எழுதிவருகிறேன். சி நிரல். ஓடும்போது சொற்பட்டியலைப் படிப்பதில்லை. பில்ட் நேரத்திலேயே, அதாவது நிரலை உருவாக்கும்போதே, பட்டியலை ஹெடர் கோப்பாக மாற்றி நிரலுக்குள் சேர்த்துவிடுகிறேன். எந்தக் கோப்பை எந்தக் கட்டளையால் உருவாக்க வேண்டும் என்று 'மேக்' கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைலில் அதற்கான வரி இது:

கேட் பட்டியல்/* | சீர்செய் | சார்ட் -யூ | ஹெடராக்கு > சொல்.ஹெச்

நெடுங்கோடு ஒவ்வொன்றும் ஒரு பைப்: இடப்பக்க நிரலின் வெளியீட்டை வலப்பக்க நிரலுக்குக் கொடுக்கும். 'சார்ட் -யூ' வரிசைப்படுத்தி, திரும்ப வரும் வரிகளை நீக்கும். 'சீர்செய்' நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட். "கொ" என்ற எழுத்தில் சிலர் பட்டியலில் ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கும். சிலருடையதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைட் கணக்கில் வேறு. அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. 'ஹெடராக்கு' சியில் எழுதியது. பட்டியல் அடைவில் எழுத்துக்கு ஒரு கோப்பு.

போன வாரம் நண்பர் ஒருவர் தந்த பழைய சொற்பட்டியலை 'பழைய' என்ற பெயரில் அதே அடைவில் போட்டேன். பில்ட் ஓடியது, முடிந்தது, ஒரு குறையும் சொல்லவில்லை. வெளியிட்டுவிட்டேன். மறுநாளே மூன்று பேர் எழுதினார்கள். "மழை" பிழை என்கிறதாம், "யானை" பிழையாம், "வீடு" பிழையாம். ஹெடரைத் திறந்து பார்த்தால் பகரத்தோடு பட்டியல் முடிந்துவிட்டது. மகரத்திலிருந்து ஒரு சொல்லும் இல்லை.

காரணம் பிறகு தெரிந்தது. அந்தப் பழைய பட்டியல் யூனிகோடில் இல்லை, டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் இருந்தது. சீர்செய் அந்த இடத்தில் பிழை சொல்லிச் செத்திருக்கிறது. ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட -ஜே8 போட்டு ஓட்டியதால் அந்தச் செய்தி நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். சீர்செய் செத்ததை மேக் ஏன் கண்டுகொள்ளவில்லை? சார்ட்டாவது நின்றிருக்க வேண்டாமா?

பழையஷெல் · திங்கள், இரவு 10.25

தம்பி, சார்ட்டைக் குறை சொல்லாதீர்கள். அதற்குத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

பைப்பின் ஒரு முனையில் எழுதுகிறவர், மறுமுனையில் படிக்கிறவர். எழுதும் முனைகள் எல்லாம் மூடப்பட்டதும் படிக்கிறவரின் ரீட் அழைப்பு பூஜ்யம் பைட் என்று திரும்பும். "தரவு முடிந்தது" என்பதற்கு அதுதான் அடையாளம். எழுதிய நிரல் வேலையை முடித்துவிட்டு ஒழுங்காக வெளியேறினாலும் முனை மூடும். நடுவழியில் செத்தாலும் இயங்குதளத்தின் மையமான கர்னல் அதே முனையை மூடிவிடும். சார்ட்டின் பக்கம் இரண்டும் அதே பூஜ்யம். வந்ததை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டது.

செத்ததற்கான தகவல் எக்ஸிட் கோடில், அதாவது நிரல் முடியும்போது தரும் எண்ணில், இருக்கிறது. பூஜ்யம் என்றால் வெற்றி. அது பைப் வழியாகப் போவதில்லை, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிடம் போகிறது. ஷெல்லோ கடைசி நிரலின் கோடை மட்டும் மேக்கிடம் கொடுக்கும். உங்கள் வரியில் கடைசி ஆள் ஹெடராக்கு. அது பூஜ்யம் தந்தது. மேக்கைப் பொறுத்தவரை எல்லாம் சுபம்.

பாஷ் என்ற ஷெல்லில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்று போட்டால் தொடரில் எது தோற்றாலும் மொத்தத் தொடரும் தோற்றதாகக் கணக்கு. கார்ன் ஷெல்லில் இருந்து வந்த வசதி, பாஷ் 3.0 முதல் உண்டு. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் 2024 பதிப்பில்தான் ஏற்றார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மேக் இயல்பாக அழைப்பது /பின்/எஸ்ஹெச். உபுண்டுவில் 2006 முதலே அது பாஷ் இல்லை, டாஷ். பல டாஷ் பதிப்புகளுக்கு இந்த வசதி தெரியாது, பிழை என்று நின்றுவிடும். அதனால் மேக்ஃபைலின் தலையில் ஷெல் மாறிக்கு பாஷின் பாதையைக் கொடுத்து, .ஷெல்ஃப்ளாக்ஸ் மாறியில் '-ஓ பைப்ஃபெயில் -சி' என்று வைத்துவிடுங்கள். இரண்டாவது மாறி ஜிஎன்யூ மேக் 3.82 முதல் வேலை செய்யும்.

மலர்_கற்கிறாள் · திங்கள், இரவு 10.58

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். நான் கல்லூரில இரண்டாம் ஆண்டு. சார்ட் எப்பவும் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதானே எழுத ஆரம்பிக்கும்? அப்போ பைப்ல நாலு நிரலும் ஒரே நேரத்துல ஓடுதுன்னு சொல்றது சரியா, இல்ல ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா?

பழையஷெல் · திங்கள், இரவு 11.15

நல்ல கேள்விம்மா. நான்கையும் ஷெல் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிறது. சார்ட் தன் பங்குக்கு உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும், அவ்வளவுதான். அதன் இயல்பு அது. கேட்டும் சீர்செய்யும் இணையாகவே ஓடும்.

இணையாக ஓடும்போது வேகமானவர் மெதுவானவரை மூழ்கடிக்காமல் இருக்க வேண்டுமே, அதற்கு நடுவில் ஒரு தொட்டி உண்டு. லினக்ஸில் 2.6.11 கர்னலிலிருந்து அதன் கொள்ளளவு 65,536 பைட். அதற்கு முன் 4,096 தான். தொட்டி நிறைந்தால் எழுதுகிறவரைக் கர்னல் உறங்க வைக்கும். காலியானால் படிக்கிறவரை உறங்க வைக்கும். நிரல் எழுதியவர் இதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டாம். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் முப்பது வருடமாக மாறாத மரியாதை.

தோட்டத்துக் குழாயில் இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களைச் சேர்க்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1964லேயே குறிப்பு எழுதிவைத்தார். யூனிக்ஸ் பிறப்பதற்கு முன்பே. 1973ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். முதலில் > குறியைத்தான் இதற்கும் பயன்படுத்தினார்கள். இன்று நாம் போடும் நெடுங்கோடு அடுத்த பதிப்பில் வந்தது.

மேக்காளன் · செவ்வாய், காலை 7.05

பழையஷெல் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பைப்ஃபெயில் போட்டு விஷயத்தை முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

மேக்குக்குக் கோப்பைத் தவிர எதுவும் தெரியாது. 1976ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதே பெல் ஆய்வகத்தில் எழுதியபோது வைத்த அடிப்படை அது: இலக்குக் கோப்பு இருக்கிறதா, அது தன் மூலங்களைவிடப் புதியதா. இந்த இரண்டு கேள்வியில்தான் அதன் மொத்த அறிவும். பைப் என்பதோ கோப்பே இல்லாமல் தரவைக் கடத்தும் ஏற்பாடு. நான்கு நிரலை ஒரு பைப்பில் கோத்து ஒரே விதிக்குள் வைத்தால், உள்ளே நடக்கும் மூன்று கைமாற்றத்தையும் மேக்கின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. பைப்ஃபெயில் போட்டீர்கள், சீர்செய் செத்தது, மேக் பிழை சொல்லி நின்றது என்றே வைத்துக்கொள்வோம். சொல்.ஹெச் என்ன ஆனது? ஷெல் அந்தக் கோப்பை நிரல்கள் ஓடுவதற்கு முன்பே திறந்து காலி செய்துவிட்டது. ஹெடராக்கு பாதியை எழுதியும் விட்டது. கோப்பின் நேரம் புதியது. நீங்கள் மறுபடி மேக் என்று அடித்தால், "சொல்.ஹெச் புதிதாகத்தான் இருக்கிறது" என்று அந்த விதியைத் தாண்டிப் போய்விடும். முதல் முறை நின்ற பில்ட் இரண்டாம் முறை நிற்காது. அவசரத்தில் இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்காதவர் யார்?

.டிலீட்_ஆன்_எரர் என்ற வரியை மேக்ஃபைலில் எங்காவது தனியாக எழுதிவையுங்கள். விதி தோற்றால் பாதி எழுதிய இலக்கை மேக்கே அழித்துவிடும். அது ஏன் இயல்பாகவே இயங்குவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். கைவசம் இன்னொரு முறையும் உண்டு: முதலில் சொல்.ஹெச்.புதிது என்ற கோப்பில் எழுதி, எல்லாம் வென்றால் மட்டும் எம்வி கொண்டு பெயர் மாற்றுவது. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். பாதிக் கோப்பை யாரும் பார்க்கவே முடியாது.

என் யோசனை: பைப்பையே எடுங்கள். எழுத்துக்கு ஒரு 'சீர்' கோப்பு, அவற்றைச் சேர்த்த 'வரிசை' கோப்பு, அதிலிருந்து ஹெடர். மூன்று விதி. மகரக் கோப்பைத் திருத்தினால் மகரம் மட்டும் மறுபடி சீராகும். ஏதாவது சந்தேகம் வந்தால் நடுக் கோப்பைத் திறந்து கண்ணால் பார்க்கலாம். பைப்பில் ஓடிப்போனதைத் திறந்து பார்க்க முடியாது.

பழையஷெல் · செவ்வாய், காலை 9.30

பாதிக் கோப்பு பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நேற்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

பைப்பையே எடுங்கள் என்பதில்தான் தயக்கம். பில்ட் உலகத்தில் பைப்புக்கு இடமே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. சி கம்பைலரான ஜிசிசிக்கு '-பைப்' என்றே ஒரு விருப்பம் உண்டு. கம்பைலர் தரும் அசெம்பிளி உரையைத் தற்காலிகக் கோப்பில் எழுதாமல் நேரே அசெம்பிளருக்குக் குழாயில் கொடுக்கும். ஜென்டூ லினக்ஸ் பயனர்கள் பலரும் அதைப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

மேக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு பைப் இருக்கிறது, தெரியுமா? -ஜே8 என்று கொடுத்ததும் மேக் ஒரு பைப்பைத் திறந்து அதில் ஏழு எழுத்துகளைப் போட்டு வைக்கும். எட்டாவது உரிமை அதன் கையிலேயே இருக்கிறது. உள் அடைவுகளில் ஓடும் துணை மேக்குகள் கூடுதலாக ஒரு வேலையைத் தொடங்க நினைத்தால் அந்தப் பைப்பிலிருந்து ஒரு பைட்டை எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். பைப் காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். அந்தப் பைட்டில் தரவு என்று எதுவும் இல்லை, அது அனுமதிச் சீட்டு. இந்த ஏற்பாட்டுக்கு ஜாப்சர்வர் என்று பெயர். எத்தனை மேக் எத்தனை ஆழத்தில் ஓடினாலும் மொத்தம் எட்டு வேலைக்கு மேல் போகாது. 4.4 பதிப்பிலிருந்து பெயருள்ள பைப்பை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ரஸ்ட் மொழியின் பில்ட் கருவியான கார்கோவும் இதே ஏற்பாட்டில் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு சின்னக் கருவியால் இவ்வளவு பெரிய ஒழுங்கு கிடைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

மேக்காளன் · செவ்வாய், காலை 10.10

ஜாப்சர்வர் அருமையான உதாரணம், மறுக்கவில்லை. அங்கே பைட் தொலைந்தால் ஒரு வேலை குறைவாக ஓடும், அவ்வளவுதான். சொல்தேடியின் பைப்பில் தொலைந்தது யானையும் வீடும். எங்கே இழப்பு சத்தமில்லாமல் நடக்குமோ அங்கே நான் கோப்பைத்தான் நம்புவேன்.

'-பைப்' வேகமும் பெரிதாகச் சொல்லும்படி இருக்காது. புதிதாக எழுதிய சிறு கோப்பு வட்டுக்குப் போவதற்கு முன்பே நினைவகத்தில் இருக்கும்போதே படிக்கப்பட்டுவிடுகிறது.

வன்னிநிலா · செவ்வாய், பின்னேரம் 4.20

வணக்கம். சொல்தேடி அண்ணா, உங்கட 'ஹெடராக்கு' எப்படிப் படிக்குது என்று ஒருக்கா பாருங்கோ. எனக்கு நடந்ததைச் சொல்லுறன்.

நானும் தமிழ்த் தரவோடதான் வேலை செய்யிறன். சியில ஒரு நிரல், ஒரு மெகாபைட் இடம் ஒதுக்கி ஒரே ஒரு ரீட் அழைப்பில முழுக் கோப்பையும் படிச்சுப்போடும். சோதிக்கேக்க கோப்பிலிருந்து குடுத்தன், ஒரு பிழையுமில்லை. பில்டில பைப்பால குடுத்தவுடன முன்பகுதி மட்டும்தான் வந்தது. கோப்பென்றால் கேட்ட அளவு கிடைக்கும். பைப்பென்றால் அந்த நேரம் தொட்டியில இருக்கிறதுதான் கிடைக்கும். கேட்டதைவிடக் குறைய வந்தால் முடிஞ்சுது என்று அர்த்தமில்லை. பூஜ்யம் வரும்வரைக்கும் திரும்பத் திரும்பப் படிக்க வேணும்.

சரியென்று 4,096 பைட்டாப் படிக்கிற மாதிரி மாத்தினன். இப்ப சில சொல்லுகளுக்கு நடுவில கறுப்புப் பெட்டிக் கேள்விக்குறி. யூடிஎஃப்-8இல தமிழ் எழுத்து, குறி ஒவ்வொன்றும் 3 பைட். 4,096ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் ஒன்று. 65,536ஐ வகுத்தாலும் மிச்சம் ஒன்று. புதுவரியும் இடைவெளியும் ஒரு பைட் என்றபடியால் வெட்டு எங்க விழும் என்று முன்கூட்டியே சொல்லவும் ஏலாது. பைப்புக்கு எழுத்துத் தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். கடைசியில அரைகுறையா நிக்கிற பைட்டுகளை வைச்சிருந்து அடுத்த படிப்போட சேர்க்கோணும், இல்லாட்டி வரிவரியாப் படிக்கோணும். ஆங்கிலத் தரவோட சோதிச்சால் இந்தப் பிழை வாழ்நாளுக்கும் தெரியவராது.

இன்னொன்றும் இருக்கு. சார்ட்டுக்கு முன்னால எல்சி_ஆல்=சி என்று போட்டிருக்கிறியளா? உங்கட நிரல் சொல்லை எப்படித் தேடுது?

சொல்தேடி · செவ்வாய், இரவு 8.50

வன்னிநிலா, மிக்க நன்றி. ஹெடராக்கு வரிவரியாகத்தான் படிக்கிறது, அதில் தப்பினேன். ஆனால் எல்சி_ஆல் போடவில்லை. தேடுவது பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும் முறை; ஒப்பிடுவது சியின் எஸ்டிஆர்சிஎம்பி.

வன்னிநிலா · செவ்வாய், இரவு 9.15

அப்ப கட்டாயம் போடுங்கோ. எஸ்டிஆர்சிஎம்பி பைட் வரிசையில ஒப்பிடும். சார்ட் உங்கட கணினியின்ர மொழி அமைப்பில என்ன வரிசை இருக்கோ அதைப் பின்பற்றும். இரண்டும் ஒத்துப்போகாட்டி, சொல் பட்டியலில இருந்தும் தேடல் அதைத் தாண்டிப் போயிடும். ஒரு கணினியில சரியாகவும் இன்னொன்றில பிழையாகவும் பில்ட் வரும்.

சி என்று போட்டால் யூனிகோட் எண் வரிசை கிடைக்கும். அது எங்கட அகராதி வரிசை இல்லை: ர, ற, ல, ள, ழ, வ என்று போகும், னகரம் நகரத்துக்குப் பக்கத்தில நிக்கும். மனிசர் பார்க்கிற பட்டியலுக்கு அது கூடாது. இயந்திரம் தேடுற பட்டியலுக்கு அதுதான் வேணும்.

சொல்தேடி · புதன், இரவு 10.05

பைப்ஃபெயில், .டிலீட்_ஆன்_எரர், எல்சி_ஆல் மூன்றும் போட்டேன். சொற்பட்டியல் விதி சரியாக நிற்கிறது. ஆனால் இதுவரை தொந்தரவு தராத வேறொரு விதி இப்போது சில நேரம் மட்டும் தோற்கிறது. "எரர் 141" என்கிறது. மறுபடி ஓட்டினால் போய்விடுகிறது. ஜிட்டின் மாற்ற வரலாற்றில் முதல் வரியை மட்டும் பதிப்புக் குறிப்பாக எடுக்கும் வரி:

ஜிட் லாக் | ஹெட் -1 > பதிப்பு.டெக்ஸ்ட்

மலர்_கற்கிறாள் · புதன், இரவு 10.30

141ன்னா 128 + 13தானே? போன வாரம்தான் வகுப்புல சிக்னல் நடத்தினாங்க. 13 சிக்பைப். ஹெட் ஒரு வரி எடுத்துட்டுப் போயிடுது. படிக்க ஆள் இல்லாத பைப்புல ஜிட் எழுதப் பாக்குது, அதனால கர்னல் சிக்பைப் அனுப்புது. ஆனா எப்பவும் ஏன் வரலன்னு மட்டும் எனக்குத் தெரியல.

பழையஷெல் · புதன், இரவு 10.50

மிகச் சரி மலர். எப்போதும் வராததற்குக் காரணம் அந்தத் தொட்டிதான். ஜிட்டின் மொத்த வெளியீடும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கி, ஹெட் வெளியேறுவதற்கு முன்பே ஜிட் எழுதி முடித்துவிட்டால் சிக்னலே வராது. யார் முந்துகிறார் என்பது கணினியின் அன்றைய சுமையைப் பொறுத்தது. களஞ்சியம் சிறிதாக இருந்த காலத்தில் எப்போதும் தப்பித்துக்கொண்டிருக்கும். வரலாறு நீள நீள அடிக்கடி மாட்டும்.

இது உண்மையில் கோளாறே இல்லை. தேவையில்லாத வேலையை நிறுத்த யூனிக்ஸ் வைத்திருக்கும் வழி சிக்பைப். பைப்ஃபெயில் அதையும் தோல்வியாக எண்ணிவிடுகிறது. கிரெப் -கியூ போட்ட இடங்களிலும் இதே கதை நடக்கும், தேடியது கிடைத்ததும் அது எழுந்து போய்விடும். பைத்தான் இந்தச் சிக்னலைப் புறக்கணித்துவிடும், அதனால் அங்கே 141 வராது, புரோக்கன்பைப்எரர் என்று வரும்.

"|| ட்ரூ" என்று ஒட்டி வாயை அடைத்துவிடாதீர்கள் தம்பி, உண்மையான பிழையும் அதோடு போய்விடும். ஜிட் லாக் -1 --ஒன்லைன் என்று ஜிட்டிடமே ஒரு வரி கேளுங்கள். ஹெட் தேவையில்லை, பைப்பும் தேவையில்லை.

மேக்காளன் · புதன், இரவு 11.05

பைப் தேவையில்லை என்று பழையஷெல் சாரே சொன்னதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

மலருக்கு ஒரு வார்த்தை: பாஷில் பைப்ஸ்டேட்டஸ் என்று ஓர் அணி உண்டு. தொடரில் இருந்த ஒவ்வொரு நிரலின் எக்ஸிட் கோடும் வரிசையாக அதில் இருக்கும். யார் செத்தார் என்று கண்டுபிடிக்க உதவும். அடுத்த கட்டளை ஓடியதும் மாறிவிடும், உடனே படித்துவிட வேண்டும்.

சொல்தேடி · வெள்ளி, இரவு 9.20

இரண்டு நாள் உட்கார்ந்து மேக்ஃபைலை மாற்றி எழுதினேன். எழுத்துக்கு ஒரு சீர் கோப்பு, பிறகு வரிசை, பிறகு ஹெடர், மேக்காளன் சொன்னபடியே. சொல் எண்ணிக்கை முந்தைய பதிப்பைவிடக் குறைந்தால் பில்டை நிறுத்தும் ஒரு சோதனையும் சேர்த்தேன். நேற்று வேண்டுமென்றே ஒரு கெட்ட கோப்பை அடைவில் போட்டு ஓட்டினேன். நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் நின்றது. பழைய சொல்.ஹெச் அப்படியே இருந்தது. திருத்திய பதிப்பை இன்று மாலை வெளியிட்டேன், முதலில் எழுதிய மூவருக்கும் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

நண்பரின் பழைய பட்டியலையும் விட மனமில்லை. ஜிலிப்சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற குறியேற்ற மாற்றிக்கு டிஸ்கி தெரியும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யூடிஎஃப்-8க்கு மாற்றிப் பார்த்தேன், எழுத்துகள் அழகாக வந்தன. என் பட்டியலில் இல்லாத எத்தனையோ வேளாண்மைச் சொற்கள் அதில் இருக்கின்றன. கவலை, பறி, பரம்பு, தாம்புக்கயிறு.

பழையஷெல் · வெள்ளி, இரவு 9.45

மிக்க மகிழ்ச்சி தம்பி. ஐகான்வை சீர்செய்யோடு ஒரே வரியில் பைப் போட்டு இணைத்திருக்கிறீர்களா?

சொல்தேடி · வெள்ளி, இரவு 9.50

இல்லை அண்ணா. அதற்கும் தனி விதி, தனிக் கோப்பு.